பழைய சிறுநகர தியேட்டரில் படப்பிடிப்பு: கேபினிலிருந்து கணக்குப் போடுங்கள்

கேள்வியின் சுருக்கம்: 1978இல் நடக்கும் கதை. சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு சிறுநகர தியேட்டர் வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று நாள் படப்பிடிப்பு, கூட்டத்துக்கு 150 பேர். திரையில் படம் ஓட வேண்டும், ப்ரொஜெக்டர் அறையான கேபினில் பழைய எந்திரமும் ஓட வேண்டும். எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து வைப்பது, எங்கே சறுக்கும்?

லொகேஷன் பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக முகப்பை முதலில் பார்ப்பார்கள், பிறகு ஹாலுக்குள் போய்க் கைதட்டிப் பார்ப்பார்கள், கேபின் படியில் கடைசியாக ஏறுவார்கள். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முகப்பை வேறோர் இடத்தில் பிளைவுட் வைத்து எழுப்பிவிடலாம். 1988இல் வந்த ‘சினிமா பாரடிஸோ’வின் தியேட்டர் முகப்பே சிசிலித் தீவில் பலாட்ஸோ அட்ரியானோ என்ற ஊரின் சதுக்கத்தில் போட்ட செட்தான். வாசலை ஓர் ஊரிலும் ஹாலை இன்னோர் ஊரிலும் எடுத்து ஒட்டலாம். இரண்டு ப்ரொஜெக்டரும் பாகம் குறையாமல் நிற்கும் கேபினுக்கு மட்டும் மாற்று கிடையாது. 2010களின் முதல் பாதியில் பிலிம் பிரிண்ட் போய் டிஜிட்டல் வந்ததும் பல தியேட்டர்களில் எந்திரத்தை எடைக்குப் போட்டுவிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்த தியேட்டரில் அது நின்றுகொண்டிருந்தால் பெரிய அதிர்ஷ்டம். அந்த எந்திரத்தை ஓட்டிய ஆபரேட்டர் ஊரிலேயே இருந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். முதல் வேலை அவரைத் தேடிப் பிடிப்பது. மூன்று நாளுக்கும் சம்பளம் பேசி, அதற்கு முன்னால் இரண்டு நாள் சோதனைக்கும் சேர்த்துக் கூப்பிடுங்கள். உங்கள் குழுவில் அவருக்கு மாற்றாக யாரும் இருக்க முடியாது.

அந்த இரண்டு சோதனை நாளில் பார்க்க வேண்டியவை. மோட்டாரும், விளக்குக்கு நேர்மின்சாரம் தரும் ரெக்டிபையரும் பல வருடம் ஈரம் குடித்திருக்கும். நேராக சுவிட்சைப் போடக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கொண்டு 500 வோல்ட் மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயவைத்து மறுபடி அளக்க வேண்டும். எந்திரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பிலிமை விட்டுவிட்டு இழுக்கும் சிலுவைப் பல்சக்கரம் எண்ணெய் இறுகிப் பிடித்திருந்தால் மோட்டார் போட்ட நொடியில் பல் உடையும். ஒளி தரும் கார்பன் குச்சிகள் எரியும் லேம்ப் ஹவுஸிலிருந்து கூரைக்குப் போகும் தகரப் புகைக்குழாயில் குருவியோ புறாவோ கூடு கட்டியிருக்கும். அதை எடுக்காமல் கார்பன் எரித்தால் புகையும் நச்சு வாயுவும் கேபினுக்குள்ளேயே சுற்றும். ஐந்தாறு பேர் நெருக்கியடித்து நிற்கும் அந்த அறையில் இது தலைவலியோடு நிற்காது.

கார்பன் குச்சி இப்போது கடையில் வாங்கும் பொருளாக இல்லை. பழைய தியேட்டர்களின் அலமாரியில், ஆபரேட்டர்களின் வீட்டில் மிச்சம் மீதி கிடைக்கும். பாஸிட்டிவ், நெகட்டிவ் இரண்டும் வேண்டும், எந்திரத்தின் பிடிக்குச் சரியான கனத்தில் வேண்டும். ஈரமான கார்பன் படபடவென்று வெடித்து அணையும், அதனால் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். ஒரு ஜோடி எரியும் நேரத்தை ஆபரேட்டரிடம் கேட்டு, ஒரு டேக்குக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகையை எரியாத கார்பனோடு செய்துவிட்டு டேக்குக்கு மட்டும் பற்றவைப்பதுதான் வழி. பிற்காலத்தில் கார்பனை எடுத்துவிட்டு ஸெனான் விளக்கு போட்ட தியேட்டர் என்றால் 1978க்கு அது பொருந்தாது, லேம்ப் ஹவுஸை மூடியே காட்ட வேண்டும். ஸெனான் பல்பு எரியாமல் சும்மா இருக்கும்போதும் உள்ளே அழுத்தத்தோடுதான் இருக்கும். முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் அதைத் தொடக் கூடாது.

பற்றவைக்கும் முறையை நடிகர் மனப்பாடம் செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய ரசிகர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். மறைப்புத் தகட்டை மூடி வைத்துக்கொண்டு ரெக்டிபையரைப் போட வேண்டும். இரண்டு கார்பன் நுனியையும் ஒரு கணம் தொடவைத்து உடனே சில மில்லிமீட்டர் விலக்க வேண்டும். சீறிக்கொண்டு பிடிக்கும் சுடர் ஒன்றிரண்டு நிமிடத்தில் அமைதியாகும். கருங்கண்ணாடிச் சன்னல் வழியாகத்தான் அதைப் பார்க்க வேண்டும், வெறும் கண்ணால் பார்த்தால் வெல்டிங்கைப் பார்த்தது போல இரவெல்லாம் கண்ணில் மணல் உறுத்தும். பிறகு மோட்டார், அது வேகம் பிடித்த பிறகே மறைப்புத் தகடு. நிறுத்தும்போது தகடு முதலில், மோட்டார் பிறகு. இந்த வரிசை மாறினால், ஒளிக்கு நேரே பிலிமைப் பிடிக்கும் ‘கேட்’டில் நிற்கும் ஒரு பிரேம் மட்டும் சூடு தாங்காமல் பழுத்துக் கொப்பளித்து உருகும். கதைக்கு அந்தக் காட்சி தேவை என்றால் அதைத் தனியாக, வேறு துண்டு பிலிமில் எடுங்கள். ஓடும் பிரிண்டில் முயல வேண்டாம்.

பிலிம் மாட்டுவதிலும் நடிகர்கள் செய்யும் தவறு வெளிப்படையாகத் தெரியும். படம் தலைகீழாக இருக்கும்படிதான் பிலிம் இறங்க வேண்டும். மேல் ஸ்பூலிலிருந்து மேல் பல்சக்கரம், ஒரு தளர்வான வளைவு, கேட், விட்டுவிட்டு இழுக்கும் பல்சக்கரம், மறுபடி ஒரு வளைவு, பிறகு சவுண்ட் உருளை, கீழ்ப் பல்சக்கரம், கீழ் ஸ்பூல். மேல் வளைவு சிறிதானால் படம் துள்ளும், துளை கிழியும். கீழ் வளைவின் அளவு மாறினால் உதடும் குரலும் பொருந்தாது, ஏனென்றால் சவுண்ட் பட்டை அதற்குரிய படத்தைவிடச் சுமார் 20 பிரேம் முன்னால் அச்சாகியிருக்கும். திரையைப் பார்த்து நின்றால் பெரும்பாலான எந்திரங்களில் பிலிம் ஓடும் பக்கம் வலப்பக்கம். எனவே கேமராவை இடப்பக்கம் வைத்தால் பிளேட்டும் லேம்ப் ஹவுஸும்தான் தெரியும், கைவேலை தெரியாது. கேபினில் வலது சுவருக்கும் எந்திரத்துக்கும் நடுவே எத்தனை அடி இருக்கிறது என்பதை முதல் நாளே டேப் வைத்து அளந்துவிடுங்கள். லென்ஸ் தேர்வு அதில்தான் நிற்கிறது.

உங்கள் கதையில் கேபின் காட்சி உணர்ச்சியானது என்றால் ரீல் மாற்றும் கணத்தை விட்டுவிடாதீர்கள். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ஸ்பூல் 22 நிமிடம். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது குறைந்தது ஏழு ஸ்பூல், ஆறு மாற்றம். ரீல் முடிய எட்டு நொடி இருக்கும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு பொட்டு மின்னும். அப்போது அடுத்த எந்திரத்தின் மோட்டார் ஓடத் தொடங்க வேண்டும். முடிய ஒரு நொடி இருக்கையில் இரண்டாவது பொட்டு, அப்போது இதை மூடி அதைத் திறக்க வேண்டும். பொட்டு வெறும் நான்கு பிரேம்தான் இருக்கும், ஆறில் ஒரு பங்கு நொடி. ஆபரேட்டரின் கண் அந்த மூலையில் காத்திருக்கும், ஒரு கை மோட்டார் சுவிட்சிலும் மறு கை மாற்றும் பிடியிலும் இருக்கும். அவரைச் செய்யச் சொல்லி மூன்று முறை பார்த்துவிட்டு நடிகரைச் செய்யச் சொல்லுங்கள். கைகளை நெருக்கத்தில் எடுக்கும்போது ஆபரேட்டரின் கைகளையே எடுத்துவிடலாம், அந்த வேகம் இரண்டு நாள் பயிற்சியில் வராது.

எந்த பிரிண்டை ஓட்டுவது? பல ஊர்களில் கேபின் மூலையிலேயே பழைய ரீல் பெட்டிகள் இருக்கும். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, சுருங்கியிருக்கும், பல்சக்கரத்தில் துளை சரியாக உட்காராது. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ரீல் என்று சந்தேகம் இருந்தாலோ எந்திரத்தில் ஏற்றவே கூடாது. அது பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். வெயில் படாமல் ஒதுக்கி வைத்து, புணேயில் 1964 முதல் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அந்தப் பெட்டியில் இருப்பது வேறெங்கும் இல்லாத படமாகக்கூட இருக்கலாம். சாதாரண பழைய பிரிண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. எழுபதுகளின் வண்ணப் பிரிண்டுகள் பெரும்பாலும் இன்று வெளுத்துச் செம்பழுப்பாகிக் கிடக்கும். அதை அப்படியே திரையில் காட்டி ‘பழைய காலம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். 1978இல் அந்தப் படம் புதுப் படம், நிறம் பளிச்சென்று இருந்தது. சிறுநகரத்துக்கு வரும்போது பிரிண்ட் பல ஊர் ஓடிக் கீறல் விழுந்திருக்கும், ஒட்டு இருக்கும், ரீல் முனையில் கீறல்கள் மழை போலப் பெய்யும், அதெல்லாம் உண்மை. நிறம் போயிருக்காது.

இனி திரை. இங்கேதான் பணம் வீணாகும்.

ஓடும் ப்ரொஜெக்டரை நேராக வீடியோ கேமராவில் எடுத்தால் பெரும்பாலும் திரையில் ஒரு கறுப்புப் பட்டை மெதுவாக ஏறி இறங்கும், அல்லது வெளிச்சம் மூச்சு வாங்கும். காரணம் எளிது. இரண்டு இதழ் ஷட்டர் கொண்ட எந்திரம் நொடிக்கு 48 முறை மின்னுகிறது. கேமராவை 24 பிரேம், 180 டிகிரி ஷட்டர் என்று வைத்தால் ஒவ்வொரு பிரேமும் நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும், கணக்குப்படி சரியாக ஒரு மின்னல் அடங்கும். ஆனால் பழைய மோட்டார், தேய்ந்த பெல்ட், ஏறி இறங்கும் வோல்டேஜ் மூன்றும் சேர்ந்து எந்திரத்தை 24இல் நிற்கவிடாது. 23.8இல் ஓடினால் போதும், பட்டை வந்துவிடும். கேமராவில் ஷட்டரைப் பத்தில் ஒரு டிகிரி அளவுக்கு நகர்த்தி ஒரு நிமிடம் சரிசெய்யலாம், அடுத்த டேக்கில் மறுபடி நழுவும். போதாக்குறைக்கு, கேமரா திறந்திருக்கும் நேரத்தில் பிலிம் நகர்ந்தால் இரண்டு பிரேம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும்.

எனவே உண்மையான பிரிண்டைக் கேபின் காட்சிக்கும், திரை மங்கலாகப் பின்னணியில் வரும் காட்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரை தெளிவாகத் தெரியும் காட்சிக்கு வாடகை டிஜிட்டல் ப்ரொஜெக்டர் போதும். அதில் மூன்று விஷயம் பாருங்கள். ஒற்றைச் சிப்பும் சுழலும் வண்ணச் சக்கரமும் உள்ள வகை வேண்டாம், கேமராவில் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளாக விழும்; மூன்று சிப் அல்லது மூன்று எல்சிடி வகையைக் கேளுங்கள். வெளிச்சம் 5,000 லூமென் போதும். 6 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரமுள்ள திரைக்கு அது இன்றைய தியேட்டர் தரத்தைவிடச் சற்று அதிகமான பிரகாசம். மூன்றாவது, பலரும் கோட்டை விடுவது, லென்ஸ். கேபினிலிருந்து திரை 24 மீட்டர் என்றால் தூரம் அகலத்தைப் போல நான்கு மடங்கு. வாடகைக் கடையில் சாதாரணமாகத் தரும் லென்ஸ் ஒன்றரை முதல் இரண்டு மடங்குக்கானது. அதைக் கேபின் துவாரத்தில் வைத்தால் படம் 12 முதல் 16 மீட்டர் அகலத்துக்குச் சுவரெல்லாம் வழியும். முன்பே தூரத்தை அளந்து சொல்லி நீள லென்ஸ் கேட்டு வாங்குங்கள். துவாரத்தில் கண்ணாடி இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் படியும் தூசும் பிரதிபலிப்பும் படத்தை மங்கலாக்கும்.

கேபினிலிருந்து திரைக்குப் பாயும் ஒளிக்கற்றை தெரிய வேண்டும் என்றால் காற்றில் ஏதாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் பீடிப் புகை அந்த வேலையைச் செய்தது. இப்போது நீர் கலந்த திரவத்தில் ஓடி மெல்லிய மூட்டம் பரப்பும் ஹேஸர் வையுங்கள், கொட்டும் புகை எந்திரம் வேண்டாம். அது கட்டி கட்டியாக மிதந்து டேக்குக்கு டேக் மாறும். கதவு, விசிறி எல்லாம் மூடி 15, 20 நிமிடம் பரவவிட்டால் கூரை வரை சமமாக நிற்கும். படத்தில் காட்சி மாற மாறக் கற்றையும் உடைந்து மாறும், அதை லைட் வைத்துப் போலியாகச் செய்ய முடியாது. ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளில் ஆஸ்துமா உள்ளவர்களை முன்பே கேட்டு ஒதுக்கிவிடுங்கள்.

திரையின் வெளிச்சமே ஜனங்களின் முகத்துக்குப் போதும் என்று நம்பாதீர்கள். கேமராவை ஐஎஸ்ஓ 800, லென்ஸ் திறப்பு டி 2, 24 பிரேம் என்று வைத்தால் திரை தாராளமாகப் பதியும். ஆனால் 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவர் முகத்தில் விழுவது, சராசரிக் காட்சியில், ஒன்றிரண்டு லக்ஸ்தான். முகம் சரியாகப் பதிய 50 லக்ஸ் அளவில் வேண்டும். அதனால் கேமரா பார்வைக்கு வெளியே, திரை இருக்கும் திசையில், கண்மட்டத்துக்கு மேலே, 12க்கு 8 அடி வெள்ளைத் துணி கட்டி அதன்மேல் வெளிச்சம் போடுங்கள். எல்இடியைக் கண்டபடி ஏற்றி இறக்கினால் டிவி பார்ப்பது போல இருக்கும். நல்ல வழி, இரண்டாவது ப்ரொஜெக்டரில் அதே படத்தை ஓட்டி அந்தத் துணியில் அடிப்பது. கட் விழும் இடத்தில் முகத்திலும் கட் விழும், பாட்டில் ஒரு தாளம், சண்டையில் ஒரு தாளம் தானாக வரும். நடிகர்களுக்கும் பார்க்க ஒரு படம் இருக்கும்; வெறும் துணியைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னால் 150 பேரும் 150 திசையில் பார்ப்பார்கள்.

லாபியிலும் கவுண்டரிலும் பழைய சோக் வைத்த டியூப்லைட் எரிந்தால் கேமரா ஷட்டரை 172.8 டிகிரிக்கு மாற்றுங்கள்; நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 24 பிரேமில் அதுதான் மின்னாத கணக்கு. ஜெனரேட்டர் 50இல் நிற்காமல் 48, 52 என்று ஆடினால் இந்தக் கணக்கும் கெடும், ஆகவே அதிர்வெண் காட்டும் மீட்டர் உள்ள வண்டியை மட்டும் எடுங்கள். தியேட்டரின் பழைய வயரிங்கில் உங்கள் லைட் எதையும் போடாதீர்கள். மரப்பட்டைக்குள் ஓடும் ரப்பர் உறை வயர் விரல் பட்டால் உதிரும் நிலையில் இருக்கும். எல்லாம் ஜெனரேட்டரில், தனி எர்த்தோடு. ரெக்டிபையருக்குத் தனி பேஸ். ஜெனரேட்டரைத் தியேட்டர் போர்டில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கொடுக்கக் கூடாது. மின்சாரம் பின்னோக்கிப் போய்க் கம்பத்தில் வேலை செய்பவர் உயிரைப் பறிக்கும்.

காலப் பிழை பற்றி. நாற்காலி, சட்டை, தலைமுடி எல்லாம் கலை இயக்குநர் பார்த்துக்கொள்வார். தியேட்டருக்கே உரிய சில பிழைகள் வேறு வகை.

முதலாவது எழுத்து. தமிழ் எழுத்துச் சீர்திருத்த அரசாணை 1978 அக்டோபரில்தான் வந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் துதிக்கை போல மேலே சுழித்தும், ணா, றா, னா முதலியவற்றைக் கால் வாங்காமல் கீழே சுழித்தும் எழுதிய காலம் அது. மொத்தம் 13 எழுத்து மாறியது. ‘இடைவேளை’ என்ற ஸ்லைடிலேயே ஒரு பழைய ளை இருக்கிறது. ‘நாளை முதல்’ போஸ்டரிலும் இருக்கிறது, கவுண்டர் மேலே ‘விலை’ப் பட்டியலில் பழைய லை இருக்கிறது. கணினி எழுத்துருவில் அச்சடித்தால் பார்த்தவுடன் காட்டிக்கொடுக்கும். போர்டு எழுதும் ஓவியரைப் பிடித்துக் கையால் எழுத வையுங்கள். ஆணை வந்த பிறகும் சுவரிலும் போர்டிலும் பழைய எழுத்து நெடுங்காலம் தொடர்ந்தது, ஆகவே கதை 1980க்குத் தாண்டினாலும் பழையதை விட்டுவைப்பது தவறாகாது.

இரண்டாவது திரை வடிவம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. 1978இலும் வந்த படங்களில் மிகப் பெரும்பாலானவை பழைய வடிவம்தான், உயரம் 1 என்றால் அகலம் 1.37. உங்கள் தியேட்டரின் இன்றைய அகலத் திரையில் அப்படியே அடிக்காமல் இரு பக்கமும் கறுப்புத் துணி இழுத்து மறைத்து நடுவில் அடியுங்கள். பக்கச் சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் தொண்ணூறுகளின் சமாச்சாரம். கழற்ற முடியாவிட்டால் துணி போட்டு மறையுங்கள். ஒலி திரைக்குப் பின்னாலிருந்து மட்டும் வந்த காலம். அதனால்தான் திரையில் சிறு துளைகள் இருக்கும். கேமரா திரைக்கு அருகே போனால் அந்தத் துளைகள் அலையலையாகக் கோடு போடும், தூரத்தைச் சோதித்து வையுங்கள்.

மூன்றாவது சென்சார் சான்றிதழ். படத்தின் தொடக்கத்தில் அதைக் காட்டப் போகிறீர்கள் என்றால், யுஏ என்ற வகையே 1983இல்தான் வந்தது, வாரியத்தின் பெயர் மாறியதும் அதே ஆண்டு. படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம் கட்டாயமாக ஓடியது. அதை நினைவில் வையுங்கள், கூட்டம் சாவகாசமாக உள்ளே வந்து இடம் பிடித்தது அந்த நேரத்தில்தான்.

டிக்கெட் விலை, காட்சி எண்ணிக்கை, தரை, பெஞ்சு, சேர், பால்கனி என்று எத்தனை வகுப்பு என்பதற்கு ஊகம் வேண்டாம். தியேட்டர் அலுவலகத்தில் டி.சி.ஆர். எனப்படும் பழைய தினசரி வசூல் நோட்டு கிடைத்தால் ஒவ்வொரு நாளின் வசூலும் வகுப்புவாரியாக அதில் இருக்கும். சில தியேட்டர்களில் கிழிக்காத டிக்கெட் கட்டுகளே மூட்டையில் கிடக்கும். பெண்களுக்குத் தனிப் பகுதி இருந்து இடையில் அரைச்சுவர் இடித்த தடம் தெரிந்தால் கலை இயக்குநரிடம் காட்டுங்கள். தெர்மோகோலில் அந்தச் சுவரை மறுபடி எழுப்புவது ஒரு நாள் வேலை, ஹால் முழுவதும் அந்த ஒன்றில் எழுபதுகளுக்குப் போய்விடும்.

திரையில் எந்தப் படத்தைக் காட்டினாலும் உரிமை வாங்க வேண்டும். நெகட்டிவ் உரிமை ஒருவரிடமும் பாட்டின் உரிமை இசை நிறுவனத்திடமும் இருக்கும், இரண்டும் தனித்தனி. அது பட்ஜெட்டுக்கு மீறினால் நீங்களே இரண்டு நிமிடக் கறுப்பு வெள்ளைக் காட்சி ஒன்றை எடுத்து ஓட்டுவது மலிவு.

கட்டடம். பூட்டிக் கிடந்த தியேட்டரின் ‘சி பாரம்’ என்ற படம் திரையிடும் உரிமம் காலாவதியாகியிருக்கும். படப்பிடிப்புக்கு அது நேரடியாகத் தேவைப்படாவிட்டாலும், அந்த உரிமத்துக்காக வருடாவருடம் நடந்த கட்டட, மின், தீயணைப்புச் சோதனைகளும் அதோடு நின்றுபோயின என்பதை மறக்க வேண்டாம். கட்டடப் பொறியாளர் ஒருவரை அழைத்துப் பால்கனியையும் கூரை இரும்பையும் பார்க்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அவர் சொல்லும் வரை பால்கனியில் கூட்டத்தையும் கிரேனையும் ஏற்றக் கூடாது. கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடவோ கொக்கி அடிக்கவோ கூடாது, லைட்டுக்குத் தரையிலிருந்தே ஸ்டாண்டு. புறா, வௌவால் எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டினால் நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டு, படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்பே சுத்தம் செய்துவிடுங்கள்.

கூரை ஓட்டையில் வெயில் விழும். பகல் காட்சிக் கதை என்றால் அந்தக் கற்றைகள் வரம்தான், ஆனால் அவை நிற்காது. 25 அடி உயரத்திலிருந்து உச்சி வேளையில் விழும் வெயில் வட்டம் ஒரு மணி நேரத்தில் தரையில் ஆறு அடிக்கு மேல் நகர்ந்துவிடும். நாயகன் முகத்தில் வட்டம் விழும் காட்சியைத் தேவைப்பட்டால் பத்து நிமிடத்தில் முடியுங்கள். இல்லையென்றால் கூரைமேல் தார்ப்பாய் போட்டு மூடி, வேண்டிய இடத்தில் லைட் வைத்துக் கற்றையை உருவாக்குங்கள்.

150 பேரைக் கொண்டு 700 இருக்கையை நிரப்ப இரண்டு வழி. நீள லென்ஸில் கூட்டத்தை நெருக்கி எடுப்பது ஒன்று. அகலமான காட்சிக்கு, கேமராவை அசைக்காமல் அதே 150 பேரை இடம், நடு, வலம், பால்கனி என்று மாற்றி மாற்றி உட்காரவைத்து எடுத்து இணைப்பது இன்னொன்று. ஒவ்வொரு முறையும் துண்டு, சட்டை மாற வேண்டும். ஒளியும் ஹேஸும் மாறவே கூடாது. ஏசி இல்லாத மூடிய ஹாலில் முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை எல்லாரையும் வெளியே விடுங்கள். வெளியேறும் கதவுகளில் குறைந்தது இரண்டு எப்போதும் தாழில்லாமல், கேபிள் குறுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். கறுப்புத் துணி போட்டு மறைத்த கதவின் பின்னால் ஆள் நிறுத்துங்கள். அந்தக் கழிப்பறைகளை நம்ப வேண்டாம், வண்டி வரவழையுங்கள்.

நாள் பங்கீடு: முதல் நாள் வாசல், கவுண்டர், லாபி, இரவில் ஹாலுக்கு லைட் கட்டிச் சோதனை. இரண்டாம் நாள் முழுக்கக் கூட்டம். மூன்றாம் நாள் கேபின் மட்டும், ஆறு பேருக்கு மேல் இல்லாத குழுவோடு. கேபினைக் கூட்டத்தோடு ஒரே நாளில் திணித்தால் இரண்டும் கெடும். எந்திரச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்: மோட்டார் எடுப்பது, ஓடுவது, மாற்றும் பிடி விழுவது, ரீல் முடிந்து பிலிம் முனை சடசடவென்று அடிப்பது. இந்த ஒலிகளைச் சென்னையில் திரும்ப உருவாக்க முடியாது.

ஒப்பந்தத்தில் உரிமையாளர் குடும்பத்தின் பங்குதாரர்கள் அத்தனை பேரும் கையெழுத்திடட்டும். குத்தகைதாரர் ஒருவரின் கையெழுத்தை மட்டும் நம்பி இறங்கினால் இரண்டாம் நாள் காலையில் கேட் பூட்டியிருக்கும். சுவரில் பூசுவது கழுவினால் போகும் வண்ணமாக இருக்கட்டும். முகப்பில் சிமெண்டில் எழுதிய பெயரையும் ஆண்டையும் உடைக்காதீர்கள், வேறு பெயர் வேண்டுமென்றால் மேலே பலகை வையுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் பீனிக்ஸ்வில் என்ற சிற்றூரில் 1903இல் கட்டிய கலோனியல் தியேட்டர் இருக்கிறது. 1958இல் வந்த ‘தி பிளாப்’ படத்தில் ஜனங்கள் அலறிக்கொண்டு ஓடிவரும் வாசல் அதனுடையது. இன்றும் ஆண்டுதோறும் ஊர் மக்கள் அதே வாசல் வழியாக ஓடிவந்து விழா எடுக்கிறார்கள். இங்கே மதுரையில் 2,500க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு 1952இல் திறந்த தங்கம் தியேட்டரே இன்று இல்லை. உங்களுக்குக் கிடைத்த கட்டடத்தை உங்களுக்குப் பிறகு வேறு யாரும் படம் எடுக்க முடியாமல் போகலாம். அதனால் கதைக்குத் தேவையில்லாவிட்டாலும் ஒரு அரை நாள் ஒதுக்கி, வாசல், கவுண்டர் குகை, படிகள், கேபின், எந்திரத்தின் ஒவ்வொரு பக்கம் என்று நிலையாக எடுத்து, அதன் பிரதியை உரிமையாளர் குடும்பத்துக்கும் ஆபரேட்டருக்கும் கொடுங்கள்.

கடைசி டேக் முடிந்ததும் லைட் இறக்குவதற்கு முன்னால் கேபின் வேலை முடிய வேண்டும். லேம்ப் ஹவுஸ் ஆறிய பிறகு கார்பன் சாம்பலைத் தட்டி, கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்து, கேட்டின் அழுத்தத் தகட்டைத் தளர்த்தி, பல்சக்கரங்களுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பிரிண்டை இறுக்காமல் ரீவைண்ட் செய்து பெட்டியில் வைத்து, கேபின் சாவியை ஆபரேட்டர் கையில் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.